இரண்டு காதுக்கு இரண்டு பெட்டி

சிங்காநல்லூரில் வீடு கட்டியபோது தண்டபாணி சமையலறையை ஒடுக்கிவிட்டுக் கூடத்தைப் பெரிதாக வைத்தான். படம் பார்ப்பதற்கென்றே ஒரு கூடம். முன்னால் மூன்று, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு, கூரையில் நான்கு என்று பதினோரு ஸ்பீக்கர்கள். அது போதாதென்று மூலையில் குட்டி பீரோ மாதிரி ஒரு வூஃபர். படத்தில் இடி இடித்தால் பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று அவன் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான்.

அவன் மனைவி கோகிலவாணிக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அரசு கலைக் கல்லூரியில் தமிழ் நடத்தினாள். கையில் மடக்குக் குச்சி, தோளில் பை; பஸ் ஏறி, லட்சுமி மில் நிறுத்தத்தில் இறங்கி, சாலையைத் தனியாகவே கடந்து போவாள். வண்டி எவ்வளவு தூரத்தில் வருகிறது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதெல்லாம் அவள் காதுக்குத் தெரியும். வகுப்பில் கடைசி வரிசையில் யாராவது கிசுகிசுத்தால் பெயர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்புவாள். படம் என்றால் தண்டபாணியைவிட அவளுக்கே ஆசை அதிகம். இருந்தாலும் அவனைச் சீண்டாமல் விடமாட்டாள்.

"நமக்கு இருக்கறது ரெண்டு காதுதானுங்க. பின்னாடி மணி அடிச்சா பின்னாடின்னு அதுவே சொல்லிப்போடுது. அப்புறம் எதுக்குப் பதினோரு பெட்டி?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவன் ஒருநாள் வீட்டுக்கே வந்தான். ஆரோக்கியநாதன் என்று பெயர். 'இருசெவி' என்ற புதுக் கம்பெனியின் இன்ஜினியர். முப்பது வயது இருக்கும், பேச்சில் சுறுசுறுப்பு. கூடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பாவம் பார்ப்பதுபோலச் சிரித்தான்.

"மேடம் கேட்டது சரிதான் சார். சத்தம் எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கறது உங்க காது மடல். அதுல இருக்கற மேடு பள்ளத்துல பட்டு, சத்தம் கொஞ்சம் மாறி உள்ள போகும். மேல இருந்து வந்தா ஒரு மாதிரி, பின்னாடி இருந்து வந்தா வேற மாதிரி. அந்த மாற்றத்தை நாங்களே முன்கூட்டி சத்தத்துல கலந்துட்டா, ரெண்டு ஸ்பீக்கர் போதும். மூளை மேலன்னு நம்பும், பின்னாடின்னு நம்பும்."

"அப்ப இத்தனை வருசமா ஏன் யாரும் செய்யலை?" என்று தண்டபாணி கேட்டான்.

"ஒவ்வொருத்தர் காதும் ஒவ்வொரு மாதிரி சார், கைரேகை கணக்கா. ஆளுக்கொரு சத்தம் தயாரிக்க முடியாதில்ல? அதனால நாங்க சத்தத்தை விட்டுட்டுக் காதை ஒரே மாதிரி ஆக்கிடறோம்."

விஷயம் அவ்வளவுதான். காது மடலின் மடிப்புகளுக்குள் ஊசி மூலம் ஒரு பசையை ஏற்றுவார்கள். அது குருத்தெலும்போடு ஒட்டி இறுகும். அரை மணி நேர வேலை, வலி கிடையாது. எல்லோருக்கும் ஒரே அச்சுக் காது. அந்த அச்சுக்கென்றே இனி எல்லாப் படமும் வரும்.

இரண்டு வருடத்துக்குள் ஊர் அப்படித்தான் ஆயிற்று. தியேட்டர்களும் சுவரைச் சுற்றியிருந்த பெட்டிகளைக் கழற்றிவிட்டு இரண்டை மட்டும் வைத்தன. ரேஸ்கோர்ஸில் காலையில் நடக்கிறவர்களின் காதுகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே தாய் பெற்றவை போலிருக்கும். காது போடாதவர்களுக்குப் படம் பழைய ரேடியோ மாதிரி தட்டையாகக் கேட்டது. அவர்கள் படம் பார்ப்பதையே விட்டார்கள்.

தண்டபாணி முதல் வரிசையிலேயே போய்ப் போட்டுக்கொண்டான். முதல் ஒரு மாதம் தெருவில் தடுமாறினான். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் முன்னால் வருவதுபோல் கேட்கும். முன்னால் பார்ப்பான், எதுவும் இருக்காது. திரும்பினால் வண்டி பின்னால் நிற்கும். இப்படிப் பார்த்துப் பார்த்தே காது வழிக்கு வந்தது. கண் ஒவ்வொரு தடவையும் காதைத் திருத்துகிறது என்பது அவனுக்கு அப்போதே நன்றாகப் புரிந்தது.

பதினோரு பெட்டிகளும் கழற்றப்பட்ட பிறகு கோகிலவாணிக்குக் கூடத்தில் எதுவும் கேட்கவில்லை. சத்தம் கேட்டது, இடம் கேட்கவில்லை. மழை எல்லாம் ஒரே சுவரிலிருந்து கொட்டியது. பழைய பெட்டிகளைத் திரும்ப மாட்டச் சொல்லிக் கேட்டாள். அவன் அந்தச் சுவர்களுக்கெல்லாம் புது வர்ணம் அடித்து முடித்திருந்தான். நீயும் காது போட்டுக்கொண்டால் தீர்ந்தது, படத்தை உன்னைப்போல் யார் அனுபவிப்பார்கள் என்று வாரக் கணக்கில் சொன்னான். அவள் தயங்கினாள். ஆரோக்கியநாதனை வரவழைத்து நேரிலேயே கேட்டாள்.

"ரோட்டுல எனக்குக் காதுதான் தம்பி எல்லாமே. அதுக்கு ஒண்ணும் ஆகாதுங்களா?"

"ஒரு மாசம் கொஞ்சம் குழப்பமா இருக்கும் மேடம். அப்புறம் பழகிடும். இதுவரைக்கும் பழகாதவங்க ஒருத்தர்கூட இல்ல."

ஆரோக்கியநாதன் பொய் சொல்லவில்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த அத்தனை பேருக்கும் கண் இருந்தது. அது அவனுக்கு உறைக்கவில்லை. தண்டபாணிக்கு உறைத்தது. அந்த நிமிடத்தில், அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே, இவளுக்குக் காதைத் திருத்தக் கண் இல்லையே என்று தெளிவாக நினைத்தான். நினைத்துவிட்டு, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நான் பழகலையா கோகிலா?" என்றான்.

காது போட்ட மறுநாள் அவள் ஒரு படம் முழுக்க அழுதுகொண்டே கேட்டாள். காட்டில் மழை பெய்யும் காட்சியில் இலை இலையாக நீர் சொட்டுவது அவளைச் சுற்றி எல்லாப் பக்கமும் கேட்டது. ஒரு பறவை தலைக்கு மேலே வட்டமடித்துப் பின்னால் போய் அமர்ந்தது. அவள் தலையை உயர்த்தி, அது போன திசையெல்லாம் முகத்தைத் திருப்பினாள். உலகத்தை இப்போதுதான் முழுசாகக் காட்டியிருக்கிறீர்கள் என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தண்டபாணிக்குத் தான் நல்லதுதான் செய்திருக்கிறோம் என்றே தோன்றியது.

வெளியே நடந்தது வேறு. ஒரு மாதம் போயிற்று, மூன்று மாதம் போயிற்று, பழகவில்லை. வகுப்பில் எதிர் வரிசையிலிருந்து கேட்ட கேள்விக்கு அவள் கரும்பலகையைப் பார்த்துப் பதில் சொன்னாள். முதலில் பிள்ளைகள் பேசாமல் இருந்தார்கள். பிறகு ஒருத்தி சிரித்தாள். பிறகு வேண்டுமென்றே குரல் மாற்றிக் கூப்பிட்டு, அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பந்தயம் வைத்தார்கள். அவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது, கண்டிக்க வேண்டியதுதானே என்றான் தண்டபாணி. யாரைக் கண்டிப்பது, எங்கே பார்த்துக் கண்டிப்பது என்று கேட்டாள்.

லட்சுமி மில் நிறுத்தத்தில், பஸ் பின்னால் போகிறது என்று நினைத்து அதன் முன்னாலேயே காலை எடுத்து வைத்தாள். பூ விற்கிற ஒருத்தி முந்தானையைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தாள். குச்சி மட்டும் சக்கரத்தில் நொறுங்கியது. அத்தோடு கல்லூரி முடிந்தது. பசையை எடுத்துவிடலாமா என்று கேட்டதற்கு, அது காதோடு காதாகிவிட்டது, எடுத்தால் மடலே போய்விடும் என்றார்கள். ஆரோக்கியநாதன் ஒருநாள் வந்து வாசலில் நின்று, சோதனையில் பார்வையில்லாதவர்கள் யாருமே இல்லை என்று முதல்தடவையாகச் சொன்னான். கோகிலவாணி, வீட்டு வேலைக்கு வரும் சரசுவிடம், அவனுக்கும் காபி கொடுக்கச் சொன்னாள்.

வீட்டுக்குள்ளேயும் அவள் சுவரைத் தொட்டுத்தான் நடந்தாள். குக்கர் விசில் வாசலில் கேட்டது. அவன் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் திரும்பினாள். படம் போட்டால் மட்டும் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. அதனால் நாள் முழுக்கப் படத்திலேயே உட்கார்ந்திருந்தாள். எப்போதும் தன் கைக்காகக் காத்திருக்கும் மனைவி தண்டபாணிக்குச் சலித்துப் போனாள். தனியாகச் சாலை கடந்த கோகிலவாணியைத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டிருந்தான்.

அவன் நெசவுத் தறிகளுக்கு உதிரிபாகம் விற்கிறவன். பல்லடத்தில் மாலினி என்று ஒருத்தியோடு பழக்கமாயிற்று. அவள் ஒரு நூல் கிடங்கின் நிர்வாகி. வேகமாகக் கார் ஓட்டுவாள், சத்தமாகச் சிரிப்பாள். வெளியூர் வேலை என்று சொல்லித் தண்டபாணி அங்கே தங்க ஆரம்பித்தான்.

இருசெவியில் 'துணை' என்று ஒரு வசதி வந்தது அந்தச் சமயத்தில்தான். வீட்டுக்காரர் வெளியூரில் இருந்தாலும் ஃபோனில் பேசினால், வீட்டுப் பெட்டிகள் வழியாகக் குரல் அவருடைய நாற்காலியிலிருந்தே வருவதுபோல் கேட்கும். செருமல், பேப்பர் புரட்டும் சத்தம், நடை எல்லாவற்றையும் முன்பே பதிவுசெய்து வைத்துக்கொண்டு, அதுவே இடையிடையே சேர்க்கும்; வேண்டுமானால் அதே குரலில் பதிலும் அதுவே சொல்லும். தண்டபாணி முதலில் மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்தினான். சூரத்தில் இருக்கிறேன், ஆனால் உன் பக்கத்திலேயே இருக்கிறேன் பார் என்றான். அவள் சிரித்தாள். பிறகு சொல்லாமல் பயன்படுத்தினான். முதுகுவலி, கூடத்து நாற்காலியிலேயே படுத்துக்கொள்கிறேன் என்று நாற்காலி சொன்னது. காலையில் அவள் எழும்போது நாற்காலி செருமியது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நிஜமாகவே வந்துபோனான். வரும்போதெல்லாம் அவள் முகத்தைக் கூர்ந்து பார்ப்பான். அவள் எப்போதும்போல, அவன் இல்லாத பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "சாப்பிடறீங்களா?" என்பாள். பாவம், எதுவும் தெரியவில்லை என்று முதலில் இரக்கப்பட்டான். பிறகு அந்த இரக்கமும் பழகிப்போய், மாலினியிடம் அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறான்.

ஆனி முடிவில் ஞாயிற்றுக்கிழமைகளையும் நிறுத்தினான். தினமும் சாயங்காலம் மாலினி வீட்டு மொட்டை மாடியில் நின்று ஃபோனில் பேசுவான். கோகிலவாணி அன்றைக்கு என்ன சமைத்தாள், சரசு என்ன வம்பு கொண்டுவந்தாள், என்ன படம் போட்டாள் என்றெல்லாம் சொல்வாள். முன்பைவிடக் கலகலப்பாகவே பேசினாள். தீபாவளிக்கு உங்களுக்குப் பிடிக்குமென்று அதிரசம் சுட்டேன் என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து தின்பதுபோல அவனும் நன்றாயிருக்கிறது என்றான். இப்படியே காலத்தை ஓட்டிவிடலாம் என்றுதான் அவனுக்கு இருந்தது.

மாலினிதான் விடவில்லை. பொங்கல் கழிந்ததும், இனி ஒளிந்து பேசுகிற வேலை வேண்டாம், போய் நேரில் சொல்லிவிட்டு வா என்றாள். கண் தெரியாதவளை ஏமாற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கத் தனக்கே அருவருப்பாக இருக்கிறது என்றும் சொன்னாள்.

தண்டபாணி ஒரு மத்தியானம் கிளம்பினான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தான். அவள் அழுவாள், காலைப் பிடிப்பாள், நான் எங்கே போவேன் என்பாள். அதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டான். தன் சாவியால் கதவைத் திறந்தான்.

கூடத்தில் அவன் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"இன்னைக்குக் கீரை நல்லாருந்துச்சு கோகிலா."

சமையலறையிலிருந்து அவள் சிரிக்கும் சத்தம் வந்தது. "நேத்தும் அதேதான் சொன்னீங்க."

தண்டபாணி வாசலிலேயே நின்றுவிட்டான். அவன் ஃபோன் சட்டைப்பையில் இருந்தது, அவன் பேசவில்லை. நாற்காலி காலியாக இருந்தது. யாரோ பேப்பரை மடித்து வைக்கும் சத்தம் கேட்டது. சமையலறையில் கத்தி பலகையில் தட்டும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. அவன் மெல்ல நடந்து போய் எட்டிப் பார்த்தான்.

மேடையில் பலகை இல்லை, கத்தி இல்லை. அடுப்பின்மேல் தூசி படிந்திருந்தது. காய் நறுக்கும் சத்தம் அவன் முழங்கைக்குப் பக்கத்திலிருந்து வந்தது. கையை அங்கே நீட்டினான். காற்றுதான் இருந்தது. வளையல் சிணுங்கி, அவள் குரல் அவன் முகத்துக்கு நேராக, "காபி போடட்டுங்களா?" என்றது. பின்னால் நாற்காலி, "போடு" என்றது.

படுக்கையறை அலமாரியில் அவள் புடவைகள் இல்லை. தண்டபாணி ஃபோனை எடுத்து ஆரோக்கியநாதனைக் கூப்பிட்டான்.

"இப்பத்தான் வீட்டுக்குப் போறீங்களா சார்?" என்றான் அவன். குரலில் ஆச்சரியம் இல்லை.

மேடம் ஆடி மாதமே போய்விட்டார் என்றான். சரசுவையும் அப்போதே நிறுத்திவிட்டாராம். போவதற்கு முன் தன்னைக் கூப்பிட்டு, அவர் குரலையும் துணையில் ஏற்றச் சொன்னாராம். சார் ஃபோன் பண்ணினால் அது பேசட்டும், பண்ணாத நேரத்தில் அவை இரண்டும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளட்டும், வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்றாராம். செய்த பாவத்துக்குக் கேட்டதைச் செய்துகொடுத்தேன் என்றான் ஆரோக்கியநாதன்.

"அப்ப நான் தினமும் பேசினது..."

"மேடத்தோட இல்லீங்க சார்."

தான் நாற்காலியில் இல்லை என்பது அவளுக்கு எப்போது தெரிந்தது என்று தண்டபாணி கேட்டான்.

"நீங்க சொல்லாம துணையில பேச ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே. எனக்குக்கூட நம்ப முடியலை, எப்படி மேடம்னு கேட்டேன். காது போட்டதுக்கப்புறம் எந்த மனுசன் பேசினாலும் குரல் தப்பான இடத்துல இருந்துதான் வருது, எங்க வீட்டுக்காரரு குரல் மட்டும் கரெக்டா நாற்காலியில இருந்து வந்துச்சு, அதனால அவர் அங்க இல்லைன்னு தெரிஞ்சுக்கிட்டேன்னாங்க. நீங்களா சொல்வீங்கன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை காத்திருந்தாங்க சார்."

எங்கே இருக்கிறாள் என்று தண்டபாணி கேட்டான். கேட்டு என்ன செய்யப்போகிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆரோக்கியநாதன் சொல்லவில்லை. தானே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததாகவும், அங்கே ஒரு விடுதியில் நாலு பெண்களோடு இருப்பதாகவும், தெருவில் இன்னமும் தடுமாறுவதாகவும், கீழே விழுந்து ஒருதடவை மணிக்கட்டு முறிந்ததாகவும் மட்டும் சொன்னான். "திரும்பிப் போயிடறீங்களான்னு ஆஸ்பத்திரியில வெச்சுக் கேட்டேன். சத்தம் எங்கிருந்து வருதுன்னு தெரியலைன்னாப் போகுது தம்பி, சத்தம் போடறது மனுசனா இருந்தாப் போதும்னாங்க."

ஃபோனை வைத்த பிறகும் வீடு பேசிக்கொண்டே இருந்தது. ஆறு மாதமாகப் பழகிய இரண்டு குரல்கள், பழைய தம்பதி மாதிரி, நீளமாக எதையும் பேசாமல், அங்கொன்று இங்கொன்றாகப் பேசிக்கொண்டன. நாற்காலி அவளிடம் அன்பாகப் பேசியது. கையைச் சுட்டுக்கொண்டாளா என்று கேட்டது. தண்டபாணி எந்தக் காலத்திலும் கேட்டிராத கேள்வி. அவன் கூடத்தின் நடுவில் நின்று, "கோகிலா!" என்று கத்தினான். சுவர் அதிரும்படி மறுபடியும் கத்தினான்.

சமையலறையில் கத்திச் சத்தம் நின்றது.

"என்னங்க அங்க சத்தம்?" என்றது அவள் குரல்.

"படத்துல யாரோ கத்தறாங்க," என்றது நாற்காலி. "குறைச்சு வெச்சுடறேன்."

கத்தி மறுபடியும் தட்ட ஆரம்பித்தது.

சுவிட்ச் கதவோரத்தில் இருந்தது. தண்டபாணி அதன்மேல் விரலை வைத்தான். அணைத்தால் அந்த வீட்டில் யாருமே இருக்கமாட்டார்கள். பிறகு விரலை எடுத்துவிட்டு, வெளியே வந்து, ஓசைப்படாமல் கதவைப் பூட்டினான்.

பல்லடத்தில் மாலினி வாசலிலேயே காத்திருந்தாள். சொல்லியாயிற்றா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றான். கோகிலவாணி என்ன சொன்னாள் என்றதற்கு, ரொம்ப அழுதாள், கையை விடவே மாட்டேன் என்றாள், தான்தான் விடுவித்துக்கொண்டு வந்ததாகச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே கண் கலங்கியது. மாலினிக்கு அந்தப் பெண்ணை நினைத்து மனசு கஷ்டமாகிவிட்டது. எப்போதாவது ஃபோன் செய்து விசாரித்துக்கொள், அதில் தப்பில்லை என்றாள்.

மறுநாள் சாயங்காலம் தண்டபாணி ஃபோனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனான்.